பணிப் பயணத்தில் தனி அறை: வெட்கமும் அமானிதமும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், ஸஹாபாக்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! தாய்மார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன். ஊரில் இருக்கும்போதும் பயணத்தில் இருக்கும்போதும், நாலு பேர் பார்க்கும் இடத்திலும் யாரும் பார்க்காத இடத்திலும் அல்லாஹ்வை அஞ்சி நடந்துகொள்வோமாக.

இன்று நாம் பார்க்கப்போவது சிலருக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். வேலை விஷயமாக வெளியூர் போகிறோம். செலவு மிச்சமாகட்டும் என்று ஒரே அறையில் இரண்டு பேரைத் தங்க வைக்கிறார்கள். சில இடங்களில் மூன்று பேர். உடன் தங்குபவர் யாரென்று பல நேரங்களில் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. தனி அறை கேட்கலாமா? கேட்டால் வீண்விரயம் ஆகிவிடுமா? கேட்காமல் இருந்தால் வெட்கத்துக்குக் குறைவு வந்துவிடுமா?

தூத்துக்குடியில் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. ஷிப்பிங் ஏஜென்சியிலும் கிளியரிங் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சென்னைக்கும் கொச்சிக்கும் மும்பைக்கும் போய்வருகிறார்கள். உப்பு வியாபாரத்தில் இருப்பவர்கள், மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இருப்பவர்கள், சரக்கைப் பார்வையிடும் சர்வேயர்கள் என்று மாதத்தில் நாலு இரவு வெளியூரில் தங்குகிறவர்கள் நம் மஹல்லாவிலேயே எத்தனையோ பேர். இந்தக் கரையின் வாழ்க்கையே பயணத்தால் ஆனது. முத்துக் குளிக்கப் போனவர்களும், ரத்தினக் கல் வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போனவர்களும் நம் முன்னோர்கள்தானே.

மூன்று நேரங்கள்

ஸூரத்துந் நூரில் அல்லாஹ் நமக்கு ஓர் ஒழுக்கத்தைக் கற்றுத்தருகிறான். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல், ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்பது 24:27ன் கட்டளை. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் மனக்கசப்பு இல்லாமல் திரும்பிவிடுங்கள் என்பது அடுத்த வசனம்.

அது வெளியாட்களுக்கான சட்டம். 24:58ல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் ஒரு சட்டம் வருகிறது. வீட்டில் வேலை செய்பவர்களும், பருவ வயதை அடையாத சிறு பிள்ளைகளும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஃபஜ்ருக்கு முன்னால், பகலில் ஆடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின்னால். இந்த மூன்றையும் மனிதனின் அந்தரங்க நேரங்கள் என்று அல்லாஹ் அடையாளம் காட்டுகிறான்.

சிந்தித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையே கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நேரங்கள் அவை. ஒரு மனிதன் தூங்குகிற, உடை மாற்றுகிற, அசந்து படுத்திருக்கிற, யாருக்கும் முகம் காட்ட வேண்டிய அவசியம் இல்லாத நேரங்கள். அலுவலகப் பயணத்தில் அறையைப் பகிரும்போது பகலெல்லாம் இருவரும் வெளியேதான் இருக்கிறோம். அறையில் இருப்பது எப்போது? இஷாவுக்குப் பின்னாலும் ஃபஜ்ருக்கு முன்னாலும்தான். பிள்ளைக்குக்கூடக் கதவு மூடியிருக்கும் அந்த நேரத்தை, நம்மைக் கேட்காமலே யாரோ ஒருவர் இன்னொருவருக்கு ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறார்.

ஆண் ஆணின் மறைவிடத்தைப் பார்ப்பதையும், பெண் பெண்ணின் மறைவிடத்தைப் பார்ப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரண்டு ஆண்கள் ஒரே போர்வைக்குள் படுப்பதையும், இரண்டு பெண்கள் அப்படிப் படுப்பதையும் தடுத்தார்கள் (முஸ்லிம்). பத்து வயதுப் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடச் சொன்னார்கள் (அபூதாவூத்). ஆகவே, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டில் போட்ட அறையைக் கொடுத்தால், இதில் எங்களுக்குச் சரிவராது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் முடுக்கு என்று சொல்லப்படும் குறுகிய சந்துகள் இருக்கின்றன. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக நம் முன்னோர்கள் விட்டுவைத்த பாதைகள் அவை. நிலத்தின் விலை அவர்களுக்கும் தெரியும். வெட்கம் நிம்மதியாக நடந்துபோக ஒரு வழி வேண்டும் என்பதற்காக அந்த நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்தரங்கத்துக்கு ஒரு விலை உண்டு என்றும், அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்றும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தேவையும் ஆசையும்

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தனித்தனிக் கட்டிலில் இரண்டு ஆண்கள் ஓர் அறையில் தங்குவது ஹராம் அல்ல. மஸ்ஜிதுன் நபவியின் திண்ணையில் திண்ணைத் தோழர்கள், அஸ்ஹாபுஸ் ஸுஃப்ஃபா, ஒன்றாகத்தான் தங்கினார்கள். நம் துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் ஆட்கள் இன்றும் மேல்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத்தான் தூங்குகிறார்கள். அதில் குற்றம் ஏதும் இல்லை. அல்லாஹ் இலேசாக்கியதை நாம் கடினமாக்கிவிடக் கூடாது.

அப்படியென்றால் தனி அறை என்பது என்ன? நம் இமாம்கள் மனிதனுக்கு வேண்டியவற்றை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். இல்லாவிட்டால் வாழ்க்கையே நடக்காது என்பது தரூரிய்யாத். இல்லாவிட்டால் வாழ்க்கை நெருக்கடியாகிவிடும் என்பது ஹாஜிய்யாத். இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை என்பது தஹ்ஸீனிய்யாத்.

இதை அப்படியே பயணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பாதுகாப்பான கூரையும் தனிப் படுக்கையும் முதல் படி. தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு இரண்டாவது படி. கடல் தெரியும் ஜன்னல், நீச்சல் குளம், ஐந்து நட்சத்திரம் எல்லாம் மூன்றாவது படி. முதல் இரண்டையும் வேலைக்கு அனுப்புகிறவரிடம் கேட்பதில் தவறில்லை. மூன்றாவது வேண்டுமென்றால் கை போக வேண்டியது நம் சொந்தப் பைக்குத்தான்.

வீட்டில் எத்தனை விரிப்புகள் இருக்கலாம் என்பதற்கே நபி (ஸல்) அவர்கள் ஓர் அளவுகோல் தந்தார்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. அதற்கு மேல் நான்காவது ஷைத்தானுக்கு (முஸ்லிம்). இந்த ஹதீஸின் அழகைக் கவனியுங்கள். நான்காவதைக் கண்டித்த அதே ஹதீஸ், முதல் மூன்றையும் உரிமையாக ஏற்றுக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு படுக்கை என்பதை அது ஆடம்பரக் கணக்கில் சேர்க்கவில்லை. கஞ்சத்தனத்துக்கும் விரயத்துக்கும் நடுவில் நிற்பவர்களைத்தான் 25:67ல் அல்லாஹ் புகழ்ந்து பேசுகிறான்.

உலகச் சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை நம் துறைமுகத்திலேயே பார்க்கலாம். கப்பல் தொழிலாளர்களுக்காக 2006ல் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். இந்தியா 2015 அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி கட்டப்படும் சரக்குக் கப்பல்களில் மாலுமி ஒவ்வொருவருக்கும் தனித் தூங்கும் அறை கொடுக்க வேண்டும். 3,000 டன்னேஜுக்குக் குறைந்த சிறு கப்பல்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. 10,000 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் ஒருவர் தங்கும் அறைக்குக் குறைந்தது 7 சதுர மீட்டர் தரை இருக்க வேண்டும். ஒவ்வொரு அடியும் சரக்குக்கான காசு என்று கணக்குப் பார்க்கும் இரும்புக் கப்பலிலேயே, உழைக்கும் மனிதனுக்கு ஒரு கதவு ஒதுக்கப்படுகிறது. அப்படியிருக்க, கரையில் தங்குபவர் அதைக் கேட்டால் அது பெரிய ஆடம்பரம் ஆகிவிடாது.

பணம் யாருடையது?

சகோதரர்களே! இதுவரை கேட்டவர்களில் சிலருக்கு மனம் குளிர்ந்திருக்கும். மார்க்கமே நமக்குத் தனி அறை கொடுத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இனி வருவதுதான் கடினமான பகுதி.

நாம் தங்கும் அறைக்குக் கொடுக்கப்படும் பணம் நம்முடையது அல்ல. முதலாளியுடையது, அல்லது பங்குதாரர்களுடையது, அல்லது அரசாங்கத்துடையது. அது நம் கையில் வந்து போகும் அமானிதம்.

நம் வேலைக்கு நியமிக்கப்பட்டவருக்குத் தங்குமிடம் இல்லையென்றால் அவர் ஒரு தங்குமிடத்தை அமைத்துக்கொள்ளலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தேவைக்கு உள்ளவற்றைச் சொல்லி முடித்த பிறகு, அதைத் தாண்டி எடுப்பவர் மோசடிக்காரர் அல்லது திருடர் என்று எச்சரித்தார்கள் (அபூதாவூத்). ஒரே ஹதீஸில் இரண்டும் இருக்கின்றன. தங்குமிடம் உங்கள் உரிமை. அதற்கு மேல் ஒரு ரூபாய் எடுத்தாலும் அது களவு.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பயணப்படி விதியை உதாரணமாகப் பாருங்கள். அப்போது வைக்கப்பட்ட வரம்புகள் இவை: ஐந்தாம் நிலையும் அதற்குக் கீழும் சம்பளம் வாங்கியவருக்குத் தங்குமிடச் செலவு நாளொன்றுக்கு 450 ரூபாய் வரை. ஆறு முதல் எட்டாம் நிலை வரை 750. ஒன்பது முதல் பதினொன்று வரை 2,250. பன்னிரண்டும் பதின்மூன்றும் 4,500. அதற்கு மேல் 7,500. எட்டாம் நிலையும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ரசீது காட்ட வேண்டியதில்லை. எங்கே, எத்தனை நாள் தங்கினேன் என்று தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

கையெழுத்துப் போட்டால் போதும் என்ற இடத்தில்தான் ஈமானுக்குச் சோதனை இருக்கிறது. மச்சான் வீட்டில் தங்கிவிட்டு லாட்ஜில் தங்கினேன் என்று எழுதலாம். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. தனியார் கம்பெனியிலும் இதே கதைதான். இரண்டு பேர் ஓர் அறையில் தங்கிவிட்டு இரண்டு அறைக்குப் பில் வாங்குவது. தனி அறைக்காக இல்லாத நோய்க்கு டாக்டர் சீட்டு வாங்குவது. கூடுதலாக ஆன வாடகையைச் சாப்பாட்டுச் செலவு என்று எழுதிவிடுவது. "கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்று மனதைத் தேற்றிக்கொள்வது.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பிவந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துச் சொன்னார். அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று கேட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்தக் கேள்வி இன்று நம் டிராவல் பில்லையும் பார்த்துக் கேட்கிறது. வெட்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொன்னால், எதைக் காப்பாற்றினோம்? வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்றால், அமானிதம் அந்த மரத்தின் வேர். கிளைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக வேரை வெட்டலாமா?

மூன்று குவியல்கள்

எது நியாயமான செலவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கரையின் தொழிலிலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961ல். அதற்கு வெகுகாலம் முன்னால், ஆங்கிலேயர் ஆட்சியில், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் முத்துக் குளிப்பு நடக்கும்போது இங்கிருந்து பரதவரும், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம்களும் அங்கே போவார்கள். படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் கொட்டு என்ற அடைப்புக்குள் கொண்டுபோவார்கள். அங்கே குளிகாரர்களே தங்கள் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரசு அதிகாரி வந்து அதில் இரண்டைத் தேர்ந்தெடுப்பார். மீதி ஒன்று அவர்களுக்கு.

இந்த முறையில் இருந்த நுட்பத்தைப் பாருங்கள். எந்தக் குவியல் தனக்கு மிஞ்சும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. அதனால் அவர் மூன்றையும் சரிசமமாகத்தான் பிரிப்பார். ஒன்றில் அதிகம் போட்டால், அதிகாரி அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

நம் பயணச் செலவையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். நாளை நீங்களே முதலாளியாக அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால், இந்தப் பில்லில் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போடுவீர்களா? முதலாளியாக இருப்பவரும் கேட்டுக்கொள்ளட்டும். நாளை நீங்கள் தொழிலாளியாகப் போனால், நீங்கள் போட்டுக்கொடுத்த அந்த அறையில் நிம்மதியாகத் தூங்குவீர்களா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவடையாது என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) இந்த இடத்தில் நடைமுறைப்படுத்திப் பாருங்கள்.

செய்யக்கூடிய வழிகள்

முதலாவது, பயணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். லாட்ஜின் வரவேற்பறையில் நின்றுகொண்டு, உடன் வந்தவர் காதில் விழும்படி, இவருடன் தங்க மாட்டேன் என்று சொல்வது அவர் மனதைப் புண்படுத்தும். புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் மேலாளரைத் தனியாகப் பார்த்து, "சார், ராத்திரியில் தனியாக இருந்தால்தான் எனக்கு வசதி. செலவு கூடாமல் நானே பார்த்துத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் போதும். இன்சுலின் போட வேண்டியிருக்கிறது, குறட்டை விடுவேன், தஹஜ்ஜுதுக்கு எழுவேன் என்பதெல்லாம் உண்மையாக இருந்தால் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, கணக்கோடு போங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு பேருக்கு 3,000 ரூபாய் அறை என்றால் ஒருவருக்கு 1,500. அதே பகுதியில் சுத்தமான, எளிய லாட்ஜில் தனி அறை 1,400க்குக் கிடைத்தால், தனி அறை கேட்பவர் கம்பெனிக்கு 100 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். சொகுசைக் குறைத்துக் கதவை வாங்குவது என்று இதைச் சொல்லலாம். சென்னையில் திருவல்லிக்கேணி, மண்ணடி, எழும்பூர்ப் பக்கம் இப்படிப்பட்ட எளிய லாட்ஜுகள் இருக்கின்றன. பெரிய ரயில் நிலையங்களின் ஓய்வறைகளும் இருக்கின்றன. பயணச் சீட்டு உள்ளவர்கள் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, எத்தனை இரவு தங்க வேண்டும் என்பதையே யோசியுங்கள். தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். பகலில் வேலையை முடித்துவிட்டு அன்றிரவே திரும்பினால், தங்கும் அறையே தேவையில்லை. ரயிலிலும் ஆளுக்கு ஒரு தனிப் படுக்கை. பயணம் உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை என்றும், வேலை முடிந்ததும் வீட்டுக்கு விரைந்து திரும்பிவிடுமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆனால் வயதானவர்கள், நோயுள்ளவர்கள் இரண்டு இரவு தொடர்ந்து ரயிலில் கழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நம் உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு.

நான்காவது, வித்தியாசத் தொகையை நீங்களே கொடுக்க முன்வாருங்கள். தனி அறைக்கு 500 ரூபாய் கூடுதலாக ஆகிறது, கம்பெனி மறுக்கிறது, உங்களுக்கு வசதி இருக்கிறது என்றால், வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த 500ஐ உங்கள் பையிலிருந்து கொடுங்கள். இதில் நமக்கு நாமே செய்துகொள்ளும் ஒரு பரிசோதனையும் இருக்கிறது. அடுத்தவர் காசு என்றால் தனி அறை கட்டாயம் வேண்டும், சொந்தக் காசு என்றால் பகிர்ந்துகொள்ளலாம் என்று மனம் சொன்னால், நாம் கேட்டது வெட்கத்துக்காகவா, வசதிக்காகவா? நம் உள்ளத்துக்குப் பதில் தெரியும்.

ஐந்தாவது, உறவினர் வீடு. செலவே இல்லையே என்று நினைக்கிறோம். செலவு இருக்கிறது, அது வேறு ஒருவர் தலையில் விழுகிறது. சென்னையில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் நாம் போய்த் தங்கினால், அந்த வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் தலையில் முக்காட்டோடு சமையலறையில் ஒதுங்க வேண்டியிருக்கும். நம் மூன்று நேரங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுடைய மூன்று நேரங்களைப் பறிப்பது நியாயமா? விருந்து மூன்று நாள் என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தும் அளவுக்கு ஒருவர் தங்கிவிடக் கூடாது என்றும் தடுத்தார்கள் (புகாரி). இடவசதி உள்ள வீட்டுக்கு, கேட்டுவிட்டுப் போங்கள். போனால் லாட்ஜ் வாடகை கேட்டு எழுதாதீர்கள்.

வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கு

இந்தச் சபையில் முதலாளிகளும் மேலாளர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வார்த்தை.

நாலு பேரை அனுப்பும்போது உங்களுக்கு மட்டும் தனி ஏசி அறையும், மற்ற மூவருக்கும் சேர்த்து ஓர் அறையும் போடும் வழக்கம் இருந்தால், அதைக் கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை (புகாரி, முஸ்லிம்). உண்பதிலும் உடுப்பதிலும் சொன்னது உறங்குவதிலும் பொருந்தாதா? வித்தியாசத் தொகையை நீயே கொடு என்பதை மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பையனிடம் சொல்லாதீர்கள். அவனால் 500 ரூபாய் கொடுக்க முடியாது. அதனால் அவனுக்கு வெட்கம் இல்லை என்று ஆகிவிடாது. அவன் கேட்காமல் இருப்பது சம்மதம் என்றும் ஆகிவிடாது. வேலை போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

கைச்செலவில்லாத ஒரு மரியாதை இருக்கிறது. இருவரைச் சேர்த்துத் தங்க வைக்க வேண்டி வந்தால், முன்கூட்டியே இருவரையும் கேளுங்கள். "இன்னாருடன் தங்க உனக்குச் சம்மதமா?" என்ற ஒரு கேள்வி. 24:27 நம்மிடம் எதிர்பார்ப்பதும் அனுமதி கேட்பதைத்தான். பெண் ஊழியர்களை அனுப்பும்போது அவர்களுடைய தங்குமிடத்தின் பாதுகாப்பை முதலில் பாருங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உங்கள் கார் ஓட்டுநரையும் மறக்க வேண்டாம். நீங்கள் மேலே அறையில் தூங்க, அவர் கீழே கார் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கொசுக்கடியில் கிடக்கிறார். ஹோட்டல்களும் லாட்ஜுகளும் வாகன ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023ல் விதி கொண்டுவந்தது. சட்டம் வந்துதான் நமக்கு இது தெரிய வேண்டுமா? அறை போடும்போதே, "டிரைவருக்கு எங்கே இடம்?" என்று கேட்டுப் பழகுவோம்.

பகிர்ந்தே தங்க வேண்டி வந்தால்

எல்லா முயற்சியும் செய்து, பகிர்ந்துதான் தங்க வேண்டும் என்றால் மனம் சுளிக்காமல் தங்குங்கள். அப்போது அந்த அறையை உடன் இருப்பவரின் வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். குளியலறையிலேயே உடை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வீட்டாரோடு போனில் பேசும்போது கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அறையில் கண்டதையும் கேட்டதையும் மறுநாள் அலுவலகத்தில் சிரிப்புக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

தொழுகையாளிகளுக்குத் தனியாக ஒன்று. நம் ஃபஜ்ரு அலாரம் உடன் இருப்பவரின் தூக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கலாம். நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் தூங்குபவர் எழுந்துவிடாதபடியும் ஸலாம் சொல்வார்கள் என்று மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). பள்ளியில் சிலர் உரத்து ஓதியபோது, ஒருவருக்கொருவர் தொல்லை தர வேண்டாம் என்று அவர்கள் தடுத்ததும் உண்டு (அபூதாவூத்). குர்ஆன் ஓதும் சத்தமே அடுத்தவருக்குத் தொல்லையாகக் கூடாது என்றால், மற்றவை எம்மாத்திரம்? அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வையுங்கள். விளக்கைப் போடாமல் எழுந்து, முடிந்தால் பக்கத்துப் பள்ளிக்குப் போங்கள். உடன் இருப்பவர் மாற்று மதத்தவராக இருந்தால், இஸ்லாம் என்றால் என்ன என்று அந்த ஓர் இரவில் அவர் உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அன்பானவர்களே! தனி அறை கேளுங்கள், உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்தால் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்தவரின் அந்தரங்கத்துக்கு நீங்களே காவலாக இருங்கள். அனுப்புகிறவர்களாக இருந்தால், கேட்கப்படும் முன்பே கொடுங்கள். பூட்டிய அறைக்குள்ளும் அல்லாஹ் பார்க்கிறான், ரசீது கேட்கப்படாத பில்லிலும் பார்க்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை இலேசாக்குவாயாக. எங்கள் குறைகளை மறைத்து, எங்கள் வெட்கத்தைப் பாதுகாப்பாயாக. எங்கள் கைகளில் வரும் அடுத்தவர் பணத்தில் ஹராமின் ஒரு துளியும் கலந்துவிடாமல் காப்பாயாக. கடலிலும் சாலையிலும் ரயிலிலும் ரிஸ்க்கைத் தேடிப் போயிருக்கும் எங்கள் சகோதரர்களைப் பத்திரமாக அவர்கள் குடும்பத்தாரிடம் சேர்ப்பாயாக. ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.